சொல்லில் மயங்கலாமா?



"பிள்ளை கறுப்பாக இருந்தாலும் களையாக இருக்கிறாள்." இந்த வாக்கியத்தை நாம் எத்தனை முறை கேட்டிருப்போம்! பெண் பார்க்கப் போன வீட்டில் கேட்டிருக்கிறோம். குழந்தைக்குப் பெயர் சூட்டும் வீட்டில் கேட்டிருக்கிறோம். சொல்பவர் பாராட்டுவதாக நினைத்தே சொல்கிறார். கேட்பவரும் மகிழ்ந்து சிரிக்கிறார். ஆனால் அந்த வாக்கியத்தின் நடுவே ஒரு சிறு சொல் உட்கார்ந்திருக்கிறது. 'இருந்தாலும்' என்பதே அது.

"கால் வலித்தாலும் வேலைக்குப் போனார்" என்கிறோம். கால்வலி ஒரு தடை. அதை மீறிப் போனார் என்பது பொருள். அப்படியானால் "கறுப்பாக இருந்தாலும்" என்னும்போது கறுப்பு ஒரு தடை, ஒரு குறை என்று ஆகிவிடுகிறது அல்லவா? கறுப்பு குறை என்று யாரும் வாதம் செய்யவில்லை. சான்று காட்டவில்லை. ஒரு சிறு சொல் சத்தமில்லாமல் தீர்ப்பை எழுதிவிட்டது. அருகில் நின்று கேட்ட பிள்ளையின் மனத்திலும் அந்தத் தீர்ப்பு பதிந்துவிட்டது.

உடலழகைப் பற்றி ஊரும் உலகமும் பேசும்போது சொற்கள் எப்படி நம்மை ஒரு பக்கமாகச் சாய்க்கின்றன என்பதே இன்றைய பேச்சின் பொருள். இதைப் பிறர் தவறு என்று மட்டும் நாம் பேசப் போவதில்லை. நம் பள்ளியில் நடந்த ஒன்றிலிருந்தே தொடங்குவோம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு பள்ளியில் பரிசளிப்பு விழா. தமிழ்த்தாய் மேடையில் தோன்றி மாணவர்களுக்கு அறிவுரை கூறுவதாக ஒரு சிறு நாடகம் எழுதினோம். ஐந்தாம் ஆண்டில் ஒரு மாணவி இருந்தாள். லகரம், ளகரம், ழகரம் மூன்றும் அவள் நாவில் தனித்தனியே மணிபோல ஒலிக்கும். நல்ல கருநிறம். வேடம் யாருக்கு என்று ஆசிரியர்கள் நாங்கள் கூடிப் பேசியபோது, "குரல் அருமையாக இருக்கிறது. ஆனால் மேடைக்குக் கொஞ்சம் எடுப்பாக இருக்க வேண்டுமே" என்று ஒரு சொல் எழுந்தது. எடுப்பு என்றால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் புரிந்துவிட்டதுபோல் தலையசைத்தோம். முடிவில் வெளுத்த நிறமுள்ள வேறொரு மாணவி பட்டுச் சேலை கட்டி மேடையில் நின்றாள். நல்ல குரலுடைய பிள்ளை திரைக்குப் பின்னால் நின்று வசனம் பேசினாள். பெற்றோர் கைதட்டினார்கள். விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது அந்தப் பிள்ளை நம்மிடம் வந்து, "சார், நான் பேசினால் போதுமா? நிற்க வேண்டாமா?" என்று கேட்டாள். அன்று நம்மிடம் பதில் இல்லை. இந்தக் கதையின் மறுபாதியைப் பின்னால் சொல்கிறோம்.

நேயர்களே, தோட்டத்துப் பள்ளியில் 'எடுப்பு' என்னும் ஒரு சொல் செய்த வேலையைத்தான் பெரிய நாடுகளின் மேடைகளிலும் வேறு சொற்கள் செய்கின்றன. புதிய உடைகளை விற்பதற்காக இளம்பெண்களை அவற்றை அணியச் செய்து மேடையில் நடக்கவிடும் வழக்கத்தை நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அப்பெண்களை மாடல்கள் என்கிறோம். மிக ஒல்லியான உடல்தான் அத்தொழிலுக்கு ஏற்றது என்பது பல ஆண்டுகளாக எழுதாத சட்டமாக இருந்தது. 2006 ஆகஸ்டு மாதத்தில் உருகுவே நாட்டைச் சேர்ந்த லூயிசெல் ராமோஸ் என்னும் 22 வயது மாடல், உடை அணிவகுப்பு நடந்துகொண்டிருந்தபோதே உயிரிழந்தார். அதே ஆண்டு நவம்பரில் பிரேசில் நாட்டு மாடல் அனா கரோலினா ரெஸ்டன், உணவை ஒதுக்கி உடலை வருத்தும் அனோரெக்சியா என்னும் நோயால் 21 வயதில் மாண்டார்.

இவ்விரு மரணங்களுக்கும் இடையில், 2006 செப்டம்பரில், ஸ்பெயின் நாட்டு மாட்ரிட் நகரின் உடை அணிவகுப்பில் ஒரு விதி வந்தது. கிலோவில் உடல் எடையை, மீட்டரில் உயரத்தின் இருமடிப் பெருக்கத்தால் வகுத்தால் கிடைக்கும் எண் 18-க்குக் குறைந்தால் மேடையில் இடமில்லை என்றார்கள். 1.75 மீட்டர் உயரமுள்ள பெண் ஏறத்தாழ 55 கிலோவாவது இருக்க வேண்டும் என்பது இதன் பொருள். வளர்ந்தவர்களுக்கு இந்த எண் 18.5-க்குக் குறைந்தால் எடை போதாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஆகவே மாட்ரிட் கேட்டது அதிகமன்று.

ஆயினும் பெரும் விவாதம் எழுந்தது. விதியை ஆதரித்தவர்கள் 'நலம்' என்னும் சொல்லைக் கையில் எடுத்தார்கள். எதிர்த்தவர்கள் 'சுதந்திரம்' என்னும் சொல்லை எடுத்தார்கள். மாடல்களை அனுப்பும் பெரிய நிறுவனம் ஒன்றின் அதிகாரி, இது மாடல்களுக்கு எதிரான பாகுபாடு, உடை வடிவமைப்பாளரின் சுதந்திரம் என்னாவது என்று கேட்டார். இயற்கையிலேயே மான் போன்ற உடலமைப்பு உடையவர்கள் பிழைப்பை இழப்பார்களே என்றும் வருந்தினார்.

மான் என்னும் சொல்லைக் கவனியுங்கள். மான் என்றதும் நம் மனத்தில் என்ன தோன்றுகிறது? அழகு, வேகம், மருண்ட விழி. அதே உடலை இன்னொருவர் 'எலும்புக்கூடு' என்கிறார். மருத்துவர் 'எடைக் குறைவு' என்கிறார். உடல் ஒன்றுதான், பெயர்கள் மூன்று. மான் என்று கேட்டவன் ஆசைப்படுகிறான். எலும்புக்கூடு என்று கேட்டவன் அருவருக்கிறான். எடைக் குறைவு என்று கேட்டவன் மட்டுமே, "அந்தப் பெண் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?" என்று கேட்கிறான். பெயர் மாறினால் நாம் கேட்கும் கேள்வியே மாறிவிடுகிறது.

ஒல்லியான பிள்ளையை எலும்புக்கூடு என்பதும் தவறுதான் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். இயற்கையிலேயே மெலிந்த உடல்வாகு சிலருக்கு உண்டு. ஓர் எண்ணை மட்டும் வைத்து எவரையும் எடைபோட்டுவிட முடியாது. அதனால்தான் பிரான்சு நாடு 2017-இல், மாடலாகப் பணிபுரிய விரும்புவோரை மருத்துவர் பரிசோதித்துச் சான்றிதழ் வழங்க வேண்டும் என்று விதித்தது. அதே ஆண்டு அக்டோபர் முதல் தேதியிலிருந்து, மாடலின் உடலை மெலியவோ பருக்கவோ கணினியால் மாற்றிய விளம்பரப் படத்தில் 'திருத்தப்பட்ட படம்' என்று அச்சிட வேண்டும் என்றும் சட்டம் செய்தது. மயக்கும் படத்துக்குப் பக்கத்தில் உண்மை பேசும் இரண்டு சொற்களை நிறுத்தி வைத்த சட்டம் என்று இதைச் சொல்லலாம்.

பெயர் சூட்டுவது ஒரு வித்தை என்றால், கேள்வி கேட்பது இன்னொரு வித்தை. 2015 ஏப்ரலில் லண்டன் மாநகரின் சுரங்க ரயில் நிலையங்களில் மஞ்சள் நிறத்தில் ஒரு விளம்பரம் தோன்றியது. நீச்சல் உடையில் ஒரு மெல்லிய பெண். அருகே ஒரு கேள்வி: கடற்கரைக்குப் போக உன் உடல் தயாரா? எடையைக் குறைக்கும் மாவையும் மாத்திரையையும் விற்கும் புரோட்டீன் வேர்ல்டு என்னும் நிறுவனத்தின் விளம்பரம் அது.

நேயர்களே, மோரிப் கடற்கரைக்கோ போர்ட்டிக்சனுக்கோ பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பேருந்தில் போயிருக்கிறோம். நாசி லெமாக் பொட்டலமும் மாற்று உடையும் எடுத்துக்கொண்டு போனோமே தவிர, உடலைத் தயார் செய்துகொண்டா போனோம்? கடல் யாரையும் வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்டதில்லை. ஆனால் 'தயாரா?' என்று ஒருவன் கேட்டவுடன், தயாராக இருக்கும் உடல் என்று ஒன்றும், தயாராக இல்லாத உடல் என்று ஒன்றும் பிறந்துவிடுகின்றன. கேட்கப்பட்ட பெண் குனிந்து தன் வயிற்றைப் பார்த்துக்கொள்கிறாள். நோயை உண்டாக்கியவனே மருந்தையும் நீட்டுகிறான்.

அங்கே மக்கள் சும்மா இருக்கவில்லை. அந்த விளம்பரத்தை நீக்கக் கோரிய மனுவில் 70,000-க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டார்கள். சிலர் விளம்பரத் தாளின் மீதே பதில் எழுதினார்கள். நிறுவனத் தலைவரோ அப்படிக் கிறுக்கியவர்களைப் பயங்கரவாதிகள் என்றே குறிப்பிட்டார். இங்கும் பெயர் சூட்டும் வித்தையைக் காண்கிறோம். எதிர்ப்பவனுக்குக் கொடிய பெயர் ஒன்றைச் சூட்டிவிட்டால் அவன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை அல்லவா?

விளம்பரங்களைக் கண்காணிக்கும் அந்நாட்டு அமைப்புக்கு 378 புகார்கள் வந்தன. எடை குறையும் என்ற கூற்று சரிப்படாது என்று கருதி, விளம்பரம் அதே வடிவில் மீண்டும் வரக்கூடாது என்றது அவ்வமைப்பு. ஆனால் அந்தக் கேள்வி மக்களை இழிவுபடுத்துகிறதா என்பதை ஆராய்ந்து, விதியை மீறவில்லை என்று 2015 ஜூலையில் முடிவு கூறியது. இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. 'இம்மாவு எடையைக் குறைக்கும்' என்பது கூற்று. அதற்குச் சான்று கேட்கலாம். 'உன் உடல் தயாரா?' என்பது கேள்வி. கேள்விக்கு எவரும் சான்று கேட்பதில்லை. அதனால் அது சட்டத்தின் கையில் எளிதில் அகப்படுவதில்லை. நம் காதுகள்தாம் அதைப் பிடிக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு, 2016-இல், லண்டன் மேயராக வந்த சாதிக் கான், உடலை எண்ணி வெட்கப்பட வைக்கும் விளம்பரங்களுக்கு மாநகரப் போக்குவரத்தில் இனி இடமில்லை என்று அறிவித்தார். பதின்ம வயதுப் பெண்கள் இருவருக்குத் தந்தை என்ற முறையில் தமக்குக் கவலை உண்டு என்றார். இதுவும் நம் மனத்தை இழுக்கும் பேச்சுதான். தந்தை என்ற சொல்லைக் கேட்டால் எந்தப் பெற்றோர் மனமும் இளகும். நல்ல நோக்கத்துக்காகவும் சொல் மனத்தை இழுக்கலாம். ஆகவே மயக்கும் சொல் எல்லாம் பொய் என்று நாம் கூறவில்லை. இழுக்கிறது என்பதை உணர்ந்து, பிறகு போவதா வேண்டாமா என்று முடிவு செய்வோம் என்கிறோம்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 1975-இல் இந்தியாவில் ஃபேர் அண்ட் லவ்லி என்னும் முகப்பசை விற்பனைக்கு வந்தது. வெண்மையும் அழகும் என்று பெயரிலேயே இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கறுத்த பெண்ணுக்கு வேலை கிடைக்காது, வரன் அமையாது, பசையைப் பூசினால் இரண்டும் கைகூடும் என்று கதை சொல்லும் விளம்பரங்கள் பல ஆண்டுகள் ஓடின. மலேசியக் கடைகளிலும் அது விற்றது. நிறவெறிக்கு எதிராக உலகெங்கும் குரல் எழுந்த 2020-இல், அந்நிறுவனம் வெண்மையைக் குறிக்கும் சொல்லை எடுத்துவிட்டுக் குளோ அண்ட் லவ்லி என்று பெயர் மாற்றியது. இப்போது ஒளிர்வும் அழகும் என்பது பொருள்.

சொல் மாறியது மக்கள் குரலுக்குக் கிடைத்த வெற்றிதான். ஆனால் வாங்குபவர் மனத்திலும் சொல் மாறிவிட்டதா? 'ஒளிர்வு', 'பொலிவு', 'பளிச்' என்னும் சொற்களைக் கேட்கும்போது நாம் எந்த நிறத்தை நினைத்துக்கொள்கிறோம் என்று நம்மையே கேட்டுப் பார்ப்போம். இன்று கைப்பேசியும் இதே வேலையைச் செய்கிறது. படம் எடுத்தால் நம்மைக் கேளாமலே முகத்தை வெளுப்பாக்கி, அதற்கு 'அழகூட்டல்' என்று பெயரும் வைத்துவிடுகிறது.

இங்கேதான் அந்தப் பிள்ளையின் கதையின் மறுபாதி. விழா முடிந்து சில வாரங்களில் அவள் முகம் சிவந்து, தோல் உரிந்து பள்ளிக்கு வந்தாள். மறுநாள் தாயார் வந்தார். செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்குபவர். கையில் ஒரு சிறிய டப்பா. அதன்மேல் தயாரித்தவர் பெயர் இல்லை; என்ன கலந்தது என்ற விவரமும் இல்லை. "பசார் மாலாமில் வாங்கினேன் சார். ஒரு வாரத்தில் வெளுக்கும் என்று கடைக்காரன் சொன்னான். அடுத்த நாடகத்தில் முன்னால் நிற்க வேண்டும் என்று பிள்ளை அழுதது. அதான் வாங்கிக் கொடுத்தேன்" என்றார்.

நாங்கள் சொன்ன 'எடுப்பு' என்ற ஒரு சொல் எங்கே போய் நின்றது பாருங்கள்! கூட்டத்தில் சொன்னது பிள்ளையின் காதுக்குப் போய், அங்கிருந்து தாயின் மடியிலிருந்த பணத்துக்குப் போய், கடைசியில் பிள்ளையின் முகத்துக்கே போய்விட்டது. கிளினிக்கில் காட்டி, பசையை நிறுத்திய பிறகு முகம் தேறியது. அந்த டப்பாவில் என்ன இருந்தது என்பதை யாரும் சோதிக்கவில்லை. ஆனால் இத்தகைய பசைகளில் என்ன இருக்கக்கூடும் என்பதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

நிறத்தை விரைவில் வெளுக்கச் செய்யும் சில பசைகளில் பாதரசம் கலக்கிறார்கள். அது தோலில் நிறப்பொருள் உண்டாவதைத் தடுக்கிறது. தோல் வழியாக உடலில் புகுந்து சிறுநீரகத்தையும் நரம்புகளையும் கெடுக்கிறது. கருவுற்ற தாய் பூசினால் வயிற்றுக் குழந்தையையும் தாக்கக்கூடும். ஒருவர் பயன்படுத்திய துண்டு, தலையணை உறை வழியாக வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் சேரலாம். நம் நாட்டில் சுகாதார அமைச்சின் மருந்து ஒழுங்குமுறைப் பிரிவு, பாதரசம் இருப்பதாகக் கண்டறிந்த முகப்பசைகளுக்குப் பலமுறை தடை விதித்திருக்கிறது. ஆகவே தயாரித்தவர் பெயரும் கலவை விவரமும் இல்லாத பசையை வாங்கவே வேண்டாம். ஐயம் இருந்தால் கிளினிக்கிலுள்ள மருந்தாளரிடம் டப்பாவைக் காட்டிக் கேளுங்கள். அதற்குக் கட்டணமில்லை, வெட்கமும் வேண்டியதில்லை.

சொல்லைச் சோதிக்க வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய பயிற்சி ஒன்று உண்டு. பத்திரிகையிலோ கைப்பேசியிலோ வரும் அழகு விளம்பரம் ஒன்றைப் பிள்ளைகளோடு சேர்ந்து வாசியுங்கள். நான்கு கேள்விகள் கேளுங்கள். முதலாவது, இதில் தீர்ப்புச் சொல்லும் சிறு சொல் எது? 'தயாரா', 'இனியும்', 'கூட', 'இருந்தாலும்' போன்றவற்றைத் தேடிக் கோடிடுங்கள். இரண்டாவது, இதே பொருளை வேறு யாராவது எப்பெயரால் அழைப்பார்கள்? மூன்றாவது, சான்று கேட்கக்கூடிய கூற்று எது, சான்று கேட்க முடியாதபடி கேள்வியாகவோ கதையாகவோ வருவது எது? நான்காவது, நான் இதை நம்பினால் பணம் யார் கைக்குப் போகும்? பத்து வயதுப் பிள்ளையும் இவற்றுக்குப் பதில் சொல்லிவிடும். நம் வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்து, நம் வாயிலிருந்து வரும் சொல்லையும் சோதிப்போம். "கறுப்பே அழகு, காந்தலே ருசி" என்று பழமொழி வைத்திருக்கும் நாமே, "கறுப்பாக இருந்தாலும்" என்கிறோம். இனிமேல், "பிள்ளை கறுப்பாகக் களையாக இருக்கிறாள்" என்று சொல்லிப் பாருங்கள். ஒரு சொல்தான் குறைந்தது. ஆனால் பிள்ளையின் தலைமேல் இருந்த பாரம் இறங்கிவிட்டது. குண்டு, குச்சி, கட்டை என்று பிள்ளைகளுக்குப் பட்டப்பெயர் வைப்பதையும் விட்டுவிடுவோம். அன்பால் வைத்த பெயர்தான் என்போம். ஆனால் அதைச் சுமப்பவர் யார்?

அந்த மாணவி இப்போது இடைநிலைப்பள்ளியில் படிக்கிறாள். அவளுக்கு நாங்கள் தர வேண்டிய மேடையைத் தரவில்லை என்பது மாறப் போவதில்லை. ஆனால் சென்ற முறை நாடகத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில், "கொஞ்சம் எடுப்பாக" என்று ஒருவர் தொடங்கியபோது, "எடுப்பு என்றால் என்ன?" என்று நாம் கேட்டோம். சிறிது நேரம் அறையில் பேச்சே இல்லை. பிறகு ஒருவர், "நன்றாகப் பேசுகிற பிள்ளையே நிற்கட்டும்" என்றார். அப்படியே நடந்தது.

ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்பது பெரிய படிப்பு வேண்டும் காரியமன்று. வேலை முடிந்து வந்து லயத்து வாசலில் உட்கார்ந்திருக்கும் எவரும் கேட்கலாம். கேட்டுப் பாருங்கள்.